எஞ்சின் செய்து ஏற்றிய டீசல் வேன் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: ஹெட்டை மறுபடி கழற்றுவதற்கு முன்

நேற்றுவரை ஓடிய டீசல் இன்று காலையில் ஸ்டார்ட் ஆகாமல் இருப்பது ஒரு கதை. எஞ்சின் செய்து, அதாவது பிரித்துப் புதுப்பித்து, ஏற்றிய அன்றே ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது வேறு கதை. முதலாவதில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும். இரண்டாவதில் அநேகமாக எதுவும் பழுதாகியிருக்காது. ஏதோ ஒன்று மாறிப் பூட்டியிருக்கும், அல்லது பூட்டாமல் விடுபட்டிருக்கும். அதனால் "என்ன பழுது?" என்று தேடாமல் "கை பட்ட இடம் எது?" என்று தேடவேண்டும். கழற்றிய வயர், மாற்றிய வொஷர், திருப்பிய புல்லி, துணி திணித்து மூடிய துவாரம், எல்லாமே சந்தேகத்துக்குரியவைதான்.

இங்கே எழுதியிருப்பது டொயோட்டா 2சி, 3சி, 2எல், நிசான் சிடி17, சிடி20, மிட்சுபிஷி 4டி56 போன்ற பழைய எஞ்சின்களுக்கு. நாலு சிலிண்டர், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், வயர் அதிகம் இல்லாத சுழல் டீசல் பம்ப். மலைநாட்டு ரோட்டில் ஓடும் பழைய டீசல் வேன்கள் பலவற்றில் இருப்பது இவைதான். கம்ப்யூட்டர் பம்ப் உள்ள 1கேஇசட்-டிஈ, 3சி-டிஈ வகைகளுக்கு கிராங்க் சென்சர், இமொபிலைசர் என்று தனிக் கணக்கு இருக்கிறது. அதை இதோடு குழப்பவேண்டாம்.

முதலில் செய்யக்கூடாத ஒன்று. ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் நாலு பேர் சேர்ந்து வண்டியைப் பள்ளத்தில் உருட்டி கியரில் போடுவது நம் பக்கத்துப் பழக்கம். கொட்டகலையிலோ லிந்துலையிலோ கராஜ் வாசலிலேயே இறக்கம் இருப்பதால் கை தானாக அங்கே போகும். புதிதாகச் செய்த டீசல் எஞ்சினுக்கு இது கூடவே கூடாது. வால்வையும் பிஸ்டனையும் கணக்காகச் சேர்த்து ஓட்டும் டைமிங் பெல்ட் தப்பாகப் போட்டிருந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டர் மெதுவாகச் சுற்றும்போது அது ஒரு தட்டோடு நின்றுபோகவும் கூடும். 1,200 கிலோ வண்டி இறக்கத்தில் தள்ளினால் வால்வு வளைந்த பிறகுதான் நிற்கும். சிலிண்டரில் டீசலோ ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் கனெக்டிங் ரொட் வளையும். எஞ்சின் ஓடாத வண்டியில் வெக்கியூம் பம்பும் ஓடாது என்பதையும் மறக்கவேண்டாம். பிரேக் மிதி இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். அந்த நிலையில் வளைவும் இறக்கமுமான ரோட்டில் இறங்குவது எஞ்சினை விடப் பெரிய பிரச்சினை.

இரண்டாவது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். புது ரிங் உடைவதற்கும், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவதற்கும் இது குறுக்கு வழி.

சாவியைத் திருப்பி, சைலன்ஸர் வாயைப் பாருங்கள்

பத்து வினாடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. கண் எரியும் வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, பற்றவில்லை. பிறகு தேடவேண்டியது ஹீட்டர், டைமிங், கொம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று நசுங்கும் அழுத்தம்), சுற்றும் வேகம் ஆகிய நாலில் ஒன்று. இந்த ஒரு பார்வை பாதி வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் பல கராஜ்களில் இதைப் பார்க்காமலே பம்பைக் கழற்றி விடுகிறார்கள்.

நுவரெலியாவில் குளிர் காலையில் ஈரக் காற்றும் ஆவியாக வெள்ளையாகத் தெரியும். மோந்து பாருங்கள். எரியாத டீசலின் நாற்றம் இருந்தால் மட்டுமே அது நாம் சொல்லும் வெள்ளைப் புகை.

சுற்றும் வேகம்

டீசலில் பொறி கிடையாது. காற்றை வேகமாக நசுக்கினால் வரும் சூடுதான் பற்றவைக்கிறது. மெதுவாக நசுக்கினால் சூடு சிலிண்டர் சுவரில் போய்விடும். நிமிஷத்துக்கு 200 சுற்றாவது வேண்டும். 150க்குக் கீழே போனால் நல்ல எஞ்சினும் பிடிக்காது.

மீட்டர் இல்லாமல் இதை எண்ணலாம். ஒரு ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு, பம்பின் கட் சொலினொயிட் (சாவியை அணைத்தால் டீசலை நிறுத்தும் மின் வால்வு) வயரையும் கழற்றி வைத்துச் சுற்றுங்கள். அந்தத் துவாரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு "புஸ்" வரும். 6 வினாடியில் 10 புஸ் என்றால் 200 சுற்று. ஏழு, எட்டுதான் வருகிறது என்றால் இங்கேயே நிற்கவேண்டும், மேலே போவதில் பயன் இல்லை. துவாரத்துக்கு நேரே முகத்தை வைக்கவேண்டாம்.

புது ரிங், புது பேரிங் என்பதால் எஞ்சின் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். அதற்காக பெட்டரியைத் திட்டுவதற்கு முன் எர்த் வயரைப் பாருங்கள். எஞ்சினை இறக்கும்போது கழற்றிய எர்த் பட்டை திரும்ப ஏறாமல் இருப்பது, அல்லது புதிதாகப் பெயின்ட் அடித்த எஞ்சின் பிளொக்கின் மேல் அப்படியே இறுக்கியிருப்பது அடிக்கடி காணும் தவறு. மல்டிமீட்டரின் ஒரு முனையை பெட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் பிளொக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. ஒரு வோல்ட் காட்டினால் அந்த ஒரு வோல்ட் ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை. பெட்டரி முனைகளில் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டரி போதாது.

வயர், பெட்டரி எல்லாம் சரியாக இருந்தும் திணறினால் நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றிவிட்டு கிராங்க் புல்லி போல்ட்டில் அரை மீட்டர் பார் போட்டுக் கையால் சுற்றுங்கள். சீராகச் சுற்றவேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் டைமிங் அல்லது வால்வு. எல்லா இடத்திலும் கனத்தால், கிராங்கை லேத்தில் 0.25 மி.மீ. குறைத்துவிட்டு 0.50 பேரிங் போட்டார்களா, பேரிங் கேப் இலக்கம் மாறிவிட்டதா என்று பார்க்கவேண்டும். அதற்கு மட்டும் எஞ்சினைத் திறந்துதான் ஆகவேண்டும்.

டீசல் வராவிட்டால்

புகை இல்லாத கேஸ்களில் பெரும்பாலானவை இங்கேயே முடியும்.

முதலில் கட் சொலினொயிட். பம்பின் பின்பக்கம், பைப்கள் கிளம்பும் இடத்தின் மேலே ஒற்றை வயரோடு இருக்கும். சாவியை ஓனில் போட்டால் "டிக்" என்று கேட்கவேண்டும். கேட்கவில்லையென்றால் பெட்டரியிலிருந்து 12 வோல்ட்டை நேரே கொடுத்துப் பாருங்கள். டிக் வந்தால் வயரில் கோளாறு. வராவிட்டால் சொலினொயிட்டே போய்விட்டது. சோதனைக்காக உள்ளே இருக்கும் சிறு பிளஞ்சரையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டுப் பூட்டலாம், டீசல் போகும். ஆனால் சாவியால் எஞ்சின் நிற்காது. மேல் கியரில் போட்டு பிரேக்கை மிதித்து கிளச்சை விட்டுத்தான் நிறுத்தவேண்டும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அடுத்தது, பம்பின் இரண்டு பான்ஜோ போல்ட்கள், அதாவது நடுத் துளையால் டீசல் ஓடும் போல்ட்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று டீசல் உள்ளே வரும் போல்ட், துவாரம் பெரிது. மற்றது ரிட்டர்ன் போல்ட், தலையில் 'அவுட்' என்று ஆங்கிலத்தில் குத்தியிருக்கும், உள்ளே ஊசி போன ஓட்டை மாதிரி ஒரு சின்னத் துவாரம். அந்தத் துவாரம்தான் பம்புக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. இரண்டையும் பெட்ரோல் சட்டியில் போட்டுக் கழுவிவிட்டு மாற்றிப் பூட்டினால் பம்புக்கு வரவேண்டிய டீசல் ஊசித் துவாரத்தால் வரும், உள் அழுத்தமும் நிற்காது. பம்ப் கடைக்கு அனுப்பி "பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பி வந்த எத்தனையோ பம்ப்களுக்குக் காரணம் இதுதான். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

பிறகு எயார். இந்த எஞ்சின்களில் பல, டேங்கிலிருந்து டீசலைத் தானே உறிஞ்சி எடுப்பவை. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, எயார்தான் உள்ளே போகும். அதனால் "எங்கேயும் ஒழுகல" என்பது இங்கே சாட்சி ஆகாது. பில்டரின் மேலே உள்ள ஹேண்ட் பம்பை அமுக்குங்கள். முப்பது நாற்பது தடவைக்குள் கனக்கவேண்டும். கனக்காமல் பஞ்சு மாதிரியே இருந்தால் எயார் வருகிறது. பழைய செப்பு வொஷரைத் திரும்பப் போட்டிருப்பது, பில்டர் ரப்பர் ரிங் மடிந்திருப்பது, காய்ந்த ஹோஸ், ஹேண்ட் பம்பின் கிழிந்த டயப்ரம், இந்த வரிசையில் பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு சுலப வழி உண்டு. ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலில் சுத்தமான டீசலை ஊற்றி பம்பை விட உயரத்தில், பொனட் கொக்கியில் கட்டித் தொங்கவிடுங்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றை அதிலிருந்து நேரே பம்பின் இன்லெட்டுக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸை ஒரு டின்னில் விடுங்கள். இப்போது ஸ்டார்ட் ஆனால் டேங்க், லைன், பில்டர் மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. எஞ்சின் மாதக்கணக்கில் கராஜில் கிடந்தது என்றால் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கவும் கூடும். மழைக்காலத்தில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் பாதி டேங்கோடு நிறுத்தி வைத்த வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். பில்டரின் அடிக் குமிழைத் திறந்து ஒரு கண்ணாடி கிளாஸில் பிடித்தால் தண்ணீர் கீழே தனியாக நிற்கும்.

எயார் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். பம்ப் வரைக்கும் ஹேண்ட் பம்பால் நிரப்பியபின், இன்ஜெக்டர் பக்கத்தில் நாலு பைப் நட்டையும் 17 ஸ்பனரால் ஒரு சுற்று தளர்த்துங்கள். பம்ப் பக்கத்தைத் தொடவேண்டாம். ஒருவர் சாவியில், ஒருவர் பைப்பருகில். 15 வினாடி சுற்று, ஒரு நிமிஷம் ஓய்வு; அதற்கு மேல் ஒரே மூச்சில் சுற்றினால் ஸ்டார்ட்டர் கருகும். முதலில் நுரை வரும், பிறகு நுரையில்லாமல் ஒவ்வொரு துடிப்புக்கும் டீசல் துள்ளும். "அண்ணே, மூணாவது பைப்ல மட்டும் வரல" என்று உதவியாள் சொன்னால் அந்த லைனைத் தனியாகக் கவனியுங்கள். நாலும் துள்ளியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். எஞ்சின் இருமத் தொடங்கும். விரலைத் துவாரத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், இன்ஜெக்டர் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பத்துப் பதினைந்து தடவை சுற்றியும் நாலு பைப்பிலும் சொட்டு இல்லை, சொலினொயிட்டும் போல்ட்டும் சரி என்றால் பம்ப் உள்ளே சிக்கியிருக்கலாம். எஞ்சின் லேத்திலிருந்து வரும்வரை பம்பை வாய் திறந்தபடி மேசையில் வைத்திருந்தால் உள்ளே டீசலைத் தள்ளும் தகட்டுத் துண்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அது பம்ப் பெஞ்ச் உள்ள இடத்தில் செய்யவேண்டிய வேலை.

ஹீட்டர் பிளக்

இங்கே அதிகம் சொல்ல இல்லை. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கையும் மீட்டரில் பாருங்கள். ஒரு ஓம் சுற்றுவட்டத்தில் காட்டினால் உயிர் இருக்கிறது, ஒன்றுமே காட்டாவிட்டால் செத்துவிட்டது. மீட்டர் இல்லையென்றால் 21 வொட் பிரேக் பல்ப் ஒன்றை பெட்டரி பொசிட்டிவுக்கும் பிளக் முனைக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள், எரியும். பெட்டரியிலிருந்து நேரே வயர் கொடுத்துச் சோதிக்கவேண்டாம். சில டொயோட்டா வண்டிகளில் 6 வோல்ட் பிளக் இருக்கிறது, 12 கொடுத்தால் சில வினாடியில் முனை உருகிவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போதும் பிளக்கின் உடலில் உள்ள வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைப் புகை வருகிற எஞ்சினில் இரண்டு பிளக் செத்திருந்தாலே ஹப்புத்தளைக் காலையில் ஸ்டார்ட் ஆகாது. அதே வண்டி மத்தியானம் ஸ்டார்ட் ஆகிவிடும்.

டைமிங்

நம்பர் 1 பிஸ்டன் மேலே இருக்கும் நிலை, நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு தடவை வரும். கேம் மார்க்கைப் பார்க்காமல் கிராங்க் மார்க்கை மட்டும் வைத்து பம்ப் புல்லியைப் பொருத்தினால் பாதிக்குப் பாதி தப்பும். பம்ப் அரைச் சுற்று மாறியிருந்தால் டீசல் நாலு சிலிண்டருக்கும் போகும், வெள்ளைப் புகை மேகமாக வரும், ஆனால் ஒரு வெடி கூட வராது. வால்வு கவரைக் கழற்றி, பம்ப் மார்க் சேரும் நேரத்தில் நம்பர் 1இன் இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஒரு பல் மாறியிருப்பது இன்னும் அதிகம். 40 பல் உள்ள புல்லி என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் 9 பாகை. கிராங்கில் அது 18 பாகை. சில பாகைக்கே சத்தம் மாறும் எஞ்சினுக்கு 18 பாகை என்பது பெரிய தூரம். பின்னுக்குப் போனால் வெள்ளைப் புகையோடு பிடிக்காமல் இழுக்கும், முன்னுக்குப் போனால் சம்மட்டியால் அடிப்பது போலத் தட்டும், சில நேரம் ஸ்டார்ட்டரையே பின்னால் தள்ளும். பெல்ட்டைப் போட்டு டென்ஷனரை இறுக்கியபின் கையால் கிராங்கை முழுதாக இரண்டு சுற்று, எஞ்சின் ஓடும் திசையிலேயே, சுற்றிவிட்டு மார்க்குகளைத் திரும்பப் பாருங்கள். பெல்ட் தளர்வு எல்லாம் ஒரு பக்கம் வந்தபிறகுதான் உண்மை தெரியும். போட்ட உடனே சேர்ந்திருந்த மார்க் இந்த இரண்டு சுற்றில்தான் விலகும்.

பல் சரி, ஆனாலும் மந்தம் என்றால் பம்பை டயல் கேஜ் வைத்துத்தான் அமைக்கவேண்டும். பம்பின் பின்னால் நாலு பைப்புக்கு நடுவில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் கேஜ் வைக்கும் இடம். எத்தனை மி.மீ. என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், அந்த எஞ்சினின் கையேட்டு எண்ணையே எடுங்கள், பக்கத்துக் கராஜின் எண்ணை அல்ல. குளிர் ஸ்டார்ட் லீவர் உள்ள டொயோட்டா பம்பில் அந்த லீவரைத் திருப்பி, தகட்டுத் துண்டை இடையில் வைத்து விடுவித்த பிறகே அளக்கவேண்டும். இல்லாவிட்டால் கேஜ் பொய் சொல்லும். பம்பின் உடலை, பம்ப் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னுக்குப் போகும்.

கொம்ப்ரஷன்: கேஜ் சொல்வதும் மலை சொல்வதும்

தேவையில்லாமல் இரண்டாம் தடவை கழற்றப்படும் எஞ்சின்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கையேடுகளிலுள்ள பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) கணக்கு கடல் மட்டத்துக்கு உரியது. எஞ்சின் நசுக்குவது வெளியில் இருக்கும் காற்றைத்தான். வெளிக் காற்றே மெலிந்திருந்தால் நசுக்கிய காற்றும் குறைவாகத்தான் காட்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் சுமார் 80 வீதம். ஹட்டனில் சுமார் 86 வீதம், கண்டியில் 94.

கொழும்பில் 427 பி.எஸ்.ஐ. காட்டும் ஆரோக்கியமான எஞ்சின் கண்டியில் 400, ஹட்டனில் 366, நுவரெலியாவில் 340 அளவில் காட்டும். ரிங்கும் இன்னும் உட்காராத நேரம் என்பதால் அதிலும் கொஞ்சம் குறையலாம். "350 தான் காட்டுது, ரிங் சரியில்ல" என்று மெக்கானிக் பாஸ் சொன்னால், "பாஸ், இது நுவரெலியா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எண்ணை விட முக்கியமானது சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். அது 70 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது. மலை எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவில்தான் குறைக்கும்.

அளக்கும்போது நாலு ஹீட்டர் பிளக்கும் கழற்றியிருக்கவேண்டும், சொலினொயிட் வயர் கழன்றிருக்கவேண்டும், பெட்டரி முழுச் சார்ஜில் இருக்கவேண்டும். பெட்ரோல் எஞ்சின் கேஜ் போதாது, 600 பி.எஸ்.ஐ. வரை உள்ளதும், திருகிப் பூட்டும் முனை உள்ளதும் வேண்டும்.

ஒயில் ஊற்றிப் பார்க்கும் சோதனையில் கவனம். 2சி எஞ்சினில் ஒரு சிலிண்டர் 494 சி.சி., கொம்ப்ரஷன் விகிதம் 23க்கு 1. கணக்குப் போட்டால் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 22 சி.சி.தான், நாலரைத் தேக்கரண்டி. பெட்ரோல் எஞ்சினுக்கு ஊற்றுவதுபோல் தாராளமாக ஊற்றினால் ஒயிலை நசுக்க முடியாமல் ரொட் வளையும். ஒரு தேக்கரண்டி, 5 சி.சி., அதற்கு மேல் வேண்டாம். ஒயில் விட்டதும் எண் ஏறினால் ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கெஸ்கட்.

நாலும் ஒரே அளவில், மலைக் கணக்கையும் தாண்டிக் குறைந்திருந்தால் முதலில் வால்வு இடைவெளியைப் பாருங்கள். வால்வும் சீட்டும் அரைத்தால் வால்வு தண்டு மேலே உயரும், இடைவெளி சுருங்கும். இடைவெளியைச் சரிசெய்யும் தகடுகளான ஷிம்களை பழையபடி அப்படியே போட்டிருந்தால் வால்வு முழுதாக மூடாது. 2சிக்கு குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.20–0.30 மி.மீ., எக்ஸோஸ்ட் 0.25–0.35. ஃபீலர் தகடே நுழையவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது, ஹெட்டைக் கழற்றாமலே சரிசெய்யலாம். அடுத்த சந்தேகம் ஹெட் கெஸ்கட்டின் தடிப்பு. பிஸ்டன் பிளொக்கை விட எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்து அதற்கேற்ற தடிப்பில் போடவேண்டியது. கடையில் இருந்ததைப் போட்டுவிட்டால் விகிதமே மாறிவிடும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்தால், அவற்றுக்கு நடுவே கெஸ்கட் பிடிக்கவில்லை.

இதற்கெல்லாம் முன், எயார் கிளீனர் குழாயைக் கழற்றி கையை விட்டுப் பாருங்கள். எஞ்சின் இறக்கியிருந்த நாளில் தூசு போகாமல் இன்டேக்கில் திணித்த துணி உள்ளேயே இருக்கலாம். சிரிப்பு வரும், ஆனால் நடக்கும்.

பிடிப்பதற்கு முன்னும் பிடித்த பிறகும்

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், சொலினொயிட் வயரைக் கழற்றி வைத்து ஒயில் லைட் அணையும்வரை 15 வினாடி தவணையில் சுற்றிவிடுங்கள். இன்டேக் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகைத் துண்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தப்பாகக் கோர்க்கப்பட்டிருந்தால் எஞ்சின் பிடித்த உடனே வேகம் ஏறிக்கொண்டே போகும், சாவியை அணைத்தாலும் நிற்காமல் போகலாம். பலகையால் காற்றை அடைத்தால் நிற்கும். உள்ளங்கையால் மூடப் போகவேண்டாம்.

சாதாரணமாகப் பிடித்தால், ஓடிய உடனே ஒயில் லைட் அணைகிறதா என்று பார்த்து, ஒழுக்குப் பார்த்து, சூடேறி ஆறியபின் தண்ணீரைத் திரும்ப நிரப்புங்கள். மணிக்கணக்கில் சும்மா ஓடவிடவேண்டாம். ரிங் உட்கார பாரம் வேண்டும். தலவாக்கலையிலிருந்து நானுஓயா பக்கம் ஏறும் ஏற்றத்தை மூன்றாம் கியரில், அரை எக்ஸிலேட்டரில், திணறவிடாமல் ஏறுவது அதற்கு நல்ல பாரம். 1,000 கிலோமீட்டரில் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். அப்போது அதே இடத்தில், அதே கேஜில் கொம்ப்ரஷனைத் திரும்ப அளந்து, முதல் நாள் எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நாலு எண்ணும் கொஞ்சம் ஏறியிருக்கவேண்டும்.